ஏழரை அடிப் பாலமும் ஏழு இருக்கை வண்டியும்

எங்கள் ஊருக்குள் நுழைய ஒரு வாய்க்கால் பாலத்தைக் கடந்தாக வேண்டும். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் அது. இரண்டு கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே சரியாக ஏழரை அடி. டேப் பிடித்து நானே அளந்தேன். ஏழரை என்று கேட்டதும் மனைவி, "திருநள்ளாறு போய்விட்டு வந்து வண்டியைப் பற்றி யோசிக்கலாம்" என்றாள். சிரித்துக்கொண்டேன். ஆனால் நடுத்தர எஸ்யூவியா, பெரிய எஸ்யூவியா என்பதை முடிவு செய்தது கடைசியில் அந்தப் பாலம்தான்.

2022 தை மாதம் நான் எடுத்தது நடுத்தர அளவு எஸ்யூவி. ஐந்து இருக்கை, 1.5 லிட்டர் டீசல், கையால் கியர் மாற்றுவது. இன்றைக்கு 61,000 கிலோமீட்டர் ஆகிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது அளவைப் பற்றி. அந்த அளவில் எதை எடுத்தாலும் கதை ஏறக்குறைய இதுவே. பெரிய வண்டியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அதற்கும் பதில் உண்டு. தஞ்சாவூரில் இருக்கும் என் மச்சான் மூன்று வரிசை இருக்கை கொண்ட பெரிய எஸ்யூவி வைத்திருக்கிறார். இரண்டு லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக். 2024 ஆகஸ்டில் அவர் வேலையாகச் சிங்கப்பூர் போனபோது, "சும்மா நின்றால் பேட்டரி போய்விடும், நீங்களே ஓட்டுங்கள் மாப்பிள்ளை" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பிப்ரவரியில்தான் திரும்பினார். ஐப்பசி மழை, தீபாவளி, பொங்கல், சம்பா அறுவடை எல்லாவற்றையும் அந்த வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தது. 7,400 கிலோமீட்டர் ஓட்டினேன். இரவல் வண்டியை இவ்வளவு ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். டீசல் என் காசு.

முதலில் அளவு. உதாரணத்துக்கு, நடுத்தர வண்டியான கிரெட்டா 4,330 மில்லிமீட்டர் நீளம், 1,790 அகலம். பெரிய வண்டிகளில் எக்ஸ்யூவி700 4,695 நீளம், 1,890 அகலம். சஃபாரி 4,668 நீளம், 1,922 அகலம். கடைக்குப் போய்ப் பார்ப்பவர்கள் எல்லாரும் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். நகரத்தில் வண்டி நிறுத்தும் இடத்துக்கு அது முக்கியமாக இருக்கலாம். இங்கே வீட்டு வாசலில் களம் இருக்கிறது, லாரியே நிறுத்தலாம். எங்கள் பக்கம் கழுத்தைப் பிடிப்பது அகலம். ஏழரை அடிப் பாலத்தில் 1,790 அகல வண்டிக்குப் பக்கத்துக்குப் பத்து அங்குலம் மிஞ்சும். 1,890 அகலத்துக்கு எட்டு அங்குலம். வித்தியாசம் இரண்டே அங்குலம். காகிதத்தில் ஒன்றுமில்லை. பக்கக் கண்ணாடிகள் அந்த எட்டு அங்குலத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். மழை இரவில், பாலத்தில் ஏறும் இடத்தில் வளைவும் இருந்தால், அந்த இரண்டு அங்குலம் நெஞ்சை அடைக்கும்.

பாலத்தையாவது பழகிக்கொள்ளலாம். படுகைச் சாலை வேறு கதை. ஆற்றங்கரை மேல் ஒற்றை வண்டி போகும் தார்ச்சாலை, ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் ஆளுயரச் சரிவு, கீழே வயல். மார்கழி கடைசியில் ஒரு சாயங்காலம் மச்சானின் வண்டியில் மனைவியோடு வந்துகொண்டிருந்தேன். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் பின்னால் போகாது, அது இங்கே எழுதாத சட்டம். நான்தான் பின்னால் போக வேண்டும். வண்டியைச் சுற்றிலும் நான்கு கேமரா இருக்கிறது, திரையில் மேலிருந்து பார்ப்பது போலத் தெரியும், பார்த்துக்கொண்டே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். பக்கக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கேமராவில் காலையிலேயே சேறு அடித்திருந்தது. இடது பக்கத் திரையில் தெரிந்ததெல்லாம் பழுப்பு நிறம். மனைவி இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செல்போன் விளக்கைக் காட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள். கொள்முதல் நிலையம் வரை அப்படியே. அங்கே பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லின் மேல் ஏற்றினால் கேட்க ஆள் இருக்கிறார்கள், ஏற்றாவிட்டால் ஆறு இருக்கிறது. குவியலுக்குக் காவல் படுத்திருந்த பெரியவர் எழுந்து தார்ப்பாயை ஒரு முழம் மடித்துக் கொடுத்ததால் தப்பித்தேன். அதே சாலையில் என் வண்டியையும் நாலைந்து முறை பின்னால் எடுத்திருக்கிறேன். சுகமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனைவி இறங்க வேண்டி வந்ததில்லை.

அறுவடைக் காலத்தில் சாலை மேல் களிமண் வந்துவிடும். செயின் போட்ட அறுவடை இயந்திரங்கள் வயலை விட்டு ஏறும் இடத்தில் எல்லாம் ஈரக்களி, பனி விழுந்த காலையில் எண்ணெய் தடவியது போல வழுக்கும். பெரிய வண்டி எடை கூடியது, நன்றாகப் பிடித்து நிற்கும் என்று மச்சான் சொல்லியிருந்தார். வழுக்க ஆரம்பித்தால் எடை கூடிய வண்டியும் வழுக்கத்தான் செய்கிறது, அவ்வளவுதான். சக்கரத்தின் மேல் வளைவுக்குள் போய் அப்பும் களியை அன்றைக்கே குழாய்த் தண்ணீரில் கரைக்காவிட்டால் மறுநாள் செங்கல்லாகிவிடும். இதில் இரண்டு வண்டிக்கும் பேதமில்லை.

மழைத் தண்ணீரைப் பற்றியும் பெரிய வண்டிக்காரர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு எவ்வளவு உயரம் என்று பார்த்தால், நடுத்தர வண்டிகளில் 190 மில்லிமீட்டர், பெரிய வண்டிகளில் 200. ஒரு சென்டிமீட்டர்! அதை நம்பி முழங்கால் தண்ணீரில் இறங்கியவர்களின் வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறோம்.

இனி அம்மா. அவருக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். என் வண்டியில் இருக்கை அவருடைய இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. முதுகைக் காட்டி நின்று, உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துக்கொள்வார். யாரும் கை கொடுக்க வேண்டாம். மச்சானின் வண்டியில் அப்படி முடியாது. ஒரு காலைத் தூக்கி வைத்து ஏறத்தான் வேண்டும். கார்த்திகையில் நவக்கிரகக் கோயில் சுற்றினோம். திங்களூரில் தொடங்கி, ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில் திருநள்ளாறு. ஒன்பது கோயில் என்றால் பதினெட்டு முறை ஏறி இறங்க வேண்டும் என்பது திங்களூரில் தோன்றவில்லை. பின்னால் ஒரு மர முக்காலி வைத்திருந்தோம். வண்டி நின்றதும் என் மகன் ஓடிப்போய் அதைக் கீழே போடுவான், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவார், ஏறும்போது மறுபடியும் முக்காலி. திருவெண்காட்டில் முக்காலியை எடுத்து வைக்க மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். கீழப்பெரும்பள்ளத்தில் அம்மா, "நான் உள்ளே இருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன், தம்பி" என்றார்.

ஆனால் உள்ளே உட்கார்ந்துவிட்டால் அம்மாவுக்குப் பெரிய வண்டிதான் பிடித்தது. இரண்டாவது வரிசையில் தனித்தனி நாற்காலி, இரண்டு பக்கமும் கை வைக்க இடம், சாய்த்துக்கொண்டால் கும்பகோணம் வரை தூங்குவார். என் வண்டியில் பின்னால் அம்மா, மகள், மகன். வாங்கிய வருடம் மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஒன்பது. மூன்று பேருக்கும் இடம் தாராளம். இப்போது மகள் என் மனைவியைவிட உயரம். நடு இருக்கை யாருக்கு என்பதில் ஒவ்வொரு முறையும் பஞ்சாயத்து. வண்டி வாங்கும்போது குடும்பத்தின் அன்றைய அளவைத்தான் பார்த்தேன். பிள்ளைகள் வளர்வார்கள் என்பது தெரியாத விஷயமா? தெரியும். கடையில் நிற்கும்போது தோன்றவில்லை. வீட்டில் ஐந்து பேர் இருந்து, பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியிருந்தால், நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது வரிசையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருக்கை தாழ்வு, முழங்கால் மார்புக்கு வரும், பெரியவர்கள் மன்னார்குடி வரை தாங்குவார்கள். அதை நிமிர்த்தி வைத்தால் சாமானுக்கு இடம் கிடையாது. ஆள் அல்லது மூட்டை, இரண்டில் ஒன்று. மடக்கி வைத்தால் மட்டும் அது வண்டி இல்லை, வீடு. பொங்கலுக்குத் தங்கைக்குச் சீர் கொண்டுபோனோம். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், வெண்கலப் பானை, அரிசி மூட்டை, பரங்கிக்காய் இரண்டு. கரும்பின் தோகை முன் இருக்கைகளுக்கு நடுவே வந்து என் காதை உரசிக்கொண்டிருந்ததே தவிர, எல்லாம் உள்ளே போயின, கதவும் மூடியது. என் வண்டியில் அதே சீருக்குக் கரும்பைத் தனியாக மேலே கட்ட வேண்டும், வாழைத்தாரை மகன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டீசல் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று, இது இரண்டு அளவுக்கும் பொருந்தும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேரும் கரியை வண்டி தானாகவே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு நல்ல வேகத்தில் இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட வேண்டும். எனக்கு நீடாமங்கலத்தில் உரக்கடை. வீட்டிலிருந்து கடை ஆறு கிலோமீட்டர், நடுவில் ரயில்வே கேட். கேட் போட்டால் என்ஜினை அணைத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வரலாம். இந்த ஓட்டத்தில் கரி எங்கே எரியும்? 14,000 கிலோமீட்டரிலேயே மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸில் சொன்ன மருந்து: நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். அன்றிலிருந்து மாதம் இரண்டு முறை தஞ்சாவூர் போய், திருச்சி நான்கு வழிச்சாலையில் செங்கிப்பட்டி வரை ஓட்டிவிட்டுத் திரும்புகிறேன். வீட்டில் இதற்கு டிபிஎஃப் யாத்திரை என்று பெயர். உங்கள் ஓட்டமும் கடை, வயல், வீடு என்று சுற்றுவதுதான் என்றால் பெட்ரோலைப் பாருங்கள். நான் இன்று வாங்கினால் பெட்ரோல்தான்.

மச்சானின் வண்டி இதற்கு மேல் யூரியாவும் கேட்கும். புகையைச் சுத்தப்படுத்த 32.5 சதவீத யூரியா கரைசலைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். முழுவதும் தீர்ந்துவிட்டால் வண்டி கிளம்பாது. இதைக் கேட்டதும் என் கடைக்கு வரும் விவசாயி ஒருவர், "வயலுக்கே வரிசையில் நின்று வாங்குகிறோம், காருக்குமா?" என்றார். கடையில் அடுக்கியிருக்கும் 45 கிலோ மூட்டையைக் கரைத்து ஊற்றலாமா என்று இதுவரை மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கூடாது. அது வேப்ப எண்ணெய் பூசியது, அழுக்கும் உண்டு. வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் பாகமே போய்விடும். டின்னில் வருவதைத்தான் ஊற்ற வேண்டும்.

எலியையும் சொல்லிவிடுகிறேன். அறுவடை முடிந்தால் வயலெலி வீட்டுப் பக்கம் வரும், சூடு ஆறாத என்ஜின் அதற்கு மெத்தை. 2023 மாசியில் ஒரே இரவில் என் வண்டியின் வயர்களைக் கடித்து வைத்தது, 6,800 ரூபாய். இப்போது மாசி, பங்குனியில் இரவு முழுவதும் பானெட்டைத் திறந்தே வைக்கிறேன், உள்ளே புகையிலைக் கட்டு தொங்குகிறது. புகையிலையால் எலி வரவில்லையா, திறந்து வைப்பதால் வரவில்லையா என்று பரிசோதிக்கும் துணிச்சல் இல்லை.

பணக் கணக்கு. என் வண்டி எங்கள் சாலைகளில் லிட்டருக்கு 17.5 கிலோமீட்டர் கொடுக்கிறது, மச்சானின் வண்டி 11.8. வருடம் 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெரிய வண்டிக்கு 414 லிட்டர் கூடுதல், ஏறக்குறைய 38,000 ரூபாய். தங்கை குடும்பம் வரும் நாள், கல்யாணம், வேளாங்கண்ணிப் பயணம் என்று போன வருடம் ஆறு நாள் வாடகைக்கு இன்னோவா எடுத்தேன், மொத்தம் 32,000. டீசல் வித்தியாசத்திலேயே வாடகை கழிந்துவிட்டது, டிரைவர் ஓட்ட, நானும் தூங்கிக்கொண்டு போனேன். டயர் மாற்றும்போதும் 17 அங்குலத்துக்கும் 18 அங்குலத்துக்கும் விலை வேறு. வாங்கும் விலையில் முன்பிருந்த இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது: 2025 செப்டம்பர் 22-க்கு முன் 1.5 லிட்டர் நடுத்தர வண்டிக்கு 45 சதவீதமும் பெரிய எஸ்யூவிக்கு 50 சதவீதமும் வரி. இப்போது இரண்டுக்கும் 40. ஆனால் தமிழ்நாட்டுச் சாலை வரியில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதைத் தாண்டினால் 20. பெரிய வண்டியின் நல்ல மாடல்கள் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் நிற்கின்றன.

போன மாதம் மச்சான் வேறு வண்டி எடுக்கப் போவதாகவும் பழையதை எனக்கே தருவதாகவும் சொன்னார். விலையும் நியாயம்தான். அம்மா அந்த நாற்காலிக்காக ஒரு ஓட்டுப் போட்டார், மகள் நடு இருக்கைக்காக இன்னொன்று. ஊராட்சியில் பாலத்தை இடித்து அகலமாகக் கட்ட அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். கட்டி முடித்த பிறகு பேசலாம் மச்சான் என்று சொல்லிவிட்டேன். அவருடைய வண்டியின் இடது பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்குப் பாலத்துச் சுண்ணாம்பு உரசிய தடம் இருந்தது. அவர் சிங்கப்பூரிலிருந்து திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு மன்னார்குடியில் 2,500 ரூபாய் கொடுத்து பாலிஷ் போட்டு வைத்தேன். இதுவரை அவர் கவனிக்கவில்லை.