ஆபீஸ் கலர் லேசரில் பான்டோன் நிறம் எவ்வளவு ஒத்துவரும்?

மார்த்தாண்டம் தேன் லேபிள் ஐம்பது, நாகர்கோவில் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி ரெண்டு. இந்த மாதிரி சில்லறை வேலைக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது. மேசைமேல் வைக்கும், சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (அடர் இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என நாலு டோனர் போட்ட லேசர் போதுமா என்றால், நிறத்தைப் பொறுத்தது.

பான்டோன் என்பது எண்ணோ பெயரோ கொடுத்து வரையறுத்த அச்சு நிறங்களின் தொகுப்பு. அதில் 485 சிவப்பு நன்றாகவே வரும். மெஜந்தாவும் மஞ்சளும் நிறைய விழுந்தால் போதும். ரிஃப்ளெக்ஸ் ப்ளூ என்ற அடர்நீலத்தை அப்படியே அனுப்பினால் கத்தரிப்பூ நிறமாகிவிடும். தேன் லேபிளுக்குப் பிடித்தமான ஆரஞ்சு 021 எந்த செட்டிங்கிலும் மங்கல்தான். அந்தப் பளிச்சை நாலு டோனரைக் கலந்து கொண்டுவர முடியாது. 877 வெள்ளி வெறும் சாம்பல். பத்திரிகைத் தங்கத்துக்கு மினுங்கும் படலம் ஒட்டும் ஃபாயில்தான் வழி.

முதலில் டிரைவரை, அதாவது கம்ப்யூட்டரிலிருந்து மெஷினுக்கு வேலையை அனுப்பும் மென்பொருளைப் பாருங்கள். பிசிஎல் வகை டிரைவரில் ஸ்பாட் கலரின் (தனி மையாக அடிக்கும் பான்டோன் நிறத்தின்) பெயர் மெஷினுக்குப் போய்ச் சேராது; எல்லாம் ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலவை) ஆகிவிடும். போஸ்ட்ஸ்கிரிப்ட் வகை டிரைவர் போட்டால்தான் மெஷினுக்குள் பான்டோன் நிறங்களுக்கான கலவை அட்டவணை இருந்தும் பயன். டோனர் சேமிப்பு, நிறத்தைத் தூக்கிக்காட்டும் 'விவிட்' இரண்டையும் அணைத்துவிடுங்கள். அட்டவணையும் சுமார்தான். நம்பவேண்டியது கையால் போடும் கட்டத்தாளை.

ரிஃப்ளெக்ஸ் ப்ளூவுக்கு சயான் 100 சதவீதம் அப்படியே இருக்கட்டும். மெஜந்தாவை 60 முதல் 90 வரை ஐந்தைந்தாக ஏற்றி, 2 செ.மீ. அகலத்தில் ஏழு கட்டம், ஒவ்வொன்றின் கீழும் அதன் எண். வேலைக்குப் போடப்போகும் அதே தாளில், அதே செட்டிங்கில் அடியுங்கள். பான்டோன் விசிறியை (நிற மாதிரிப் புத்தகத்தை) ஒட்டிப் பிடித்து வாசல் வெளிச்சத்தில் பாருங்கள், நேர் வெயில் வேண்டாம். டியூப் லைட்டில் ஒத்துப்போன நீலம் வெளியே வந்ததும் வேறாகத் தெரியும். பெரும்பாலும் 70-ஐச் சுற்றித்தான் கை நிற்கும்.

சின்ன எழுத்தை மட்டும் கலவை நிறத்தில் போடாதீர்கள். டோனர்கள் மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வேறு நிறம் எட்டிப்பார்க்கும்.

நம் குமரி மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பிரித்துவைத்த தாள் ஈரம் குடித்தால் டோனர் சரியாக ஏறாது. அடர்ந்த நீலம் திட்டுத்திட்டாக நிற்கும். அதைக் கலர் செட்டிங்கில் தேடிப் பயனில்லை. புது ரீமைப் பிரித்து, மெஷினில் கேலிப்ரேஷன் (நிறச் சரிப்படுத்தல்) ஓட்டிவிட்டு, கட்டத்தாளை மறுபடி அடியுங்கள். கனத்த தாளுக்குத் தாள் வகையில் 'திக்' தேர்ந்தெடுக்காவிட்டால் மடிப்பில் டோனர் உதிரும். லேமினேஷன் உண்டென்றால் ஒட்டின பிறகுதான் ஒப்பிடவேண்டும். மேட் ஃபிலிம் நிறத்தை ஒரு படி வெளுக்கும்.