சிம்மக்கல் அச்சகத்தில் நிற நோட்டீஸ் அடித்தேன்: போகலாமா?

கடையின் பெயரைப் போடவில்லை. பாதி பாராட்டு, பாதி புகார் என்று வருவதால் மனசு கேட்கவில்லை. மதுரை சிம்மக்கல் பக்கம், குறுகலான படி ஏறிப் போகிற சின்ன ஆஃப்செட் கடை, அவ்வளவுதான்.

வீட்டில் சனி, ஞாயிறு பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். பள்ளியில் சிவப்பு, மஞ்சள், நீலம்தான் மூல நிறங்கள் என்று படித்துவிட்டு வருகிறார்கள். வீட்டு பிரிண்டருக்கு மை வாங்கப் போனால் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்கிறார் கடைக்காரர். செல்போன் திரையோ சிவப்பு, பச்சை, நீலத்தில் ஓடுகிறது. திரை ஒளியைக் கூட்டுகிறது, மை வெள்ளைத் தாளிலிருந்து திரும்பும் ஒளியில் ஒரு பங்கை விழுங்குகிறது, அதனால்தான் மூல நிறங்கள் மாறுகின்றன என்று எத்தனை தடவை சொன்னாலும் பையில் போட்டுக்கொண்டு போக ஒரு தாள் வேண்டும். கோடை வகுப்புக்காக ஏ4-இல் மூன்று மடிப்பு நோட்டீஸ் ஒன்றை நானே டிசைன் செய்தேன். ஆயிரத்துக்குக் குறைத்து அடித்தாலும் பிளேட் (ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகச் செய்கிற அச்சுத் தகடு) செலவு அதேதான் என்றதால் ஆயிரம். (சிவகாசிக்கே போயிருக்கலாமே என்றார் வீட்டுக்காரர். ஆயிரம் நோட்டீசுக்கு யார் பஸ் ஏறுவது?)

முதலில் நல்லது. நான் மூன்று பக்கத்தையும் சமமாக 99 மில்லிமீட்டர் வைத்திருந்தேன். கடை முதலாளி ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள மடியிற பக்கம் முட்டும் டீச்சர், அதை 97 வைங்க, மத்த ரெண்டும் நூறு நூறு" என்றார். கூட்டிப் பாருங்கள், ஏ4-இன் நீளம் 297 சரியாக வரும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நிறத்தை இழுத்துவிடச் சொன்னதும் அவர்தான், இல்லாவிட்டால் கட்டிங்கில் கத்தி துளி நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரை அப்படியே மடித்தால் அடர் நிறம் வெடித்து மடிப்பில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் என்று முதலில் மடிப்புக் கோட்டை அழுத்தி, அதாவது கிரீசிங் போட்டே மடித்தார்கள். தாளும் கத்தியும் தெரிந்தவர்கள், அதில் சந்தேகமே இல்லை.

டிசைன் மேஜையில்தான் வம்பு. அங்கே இருப்பது கோரல் டிராவின் பழைய பதிப்பு. என் யூனிகோட் எழுத்தை ஒட்டியதும் 'கோட்பாடு' என்பதில் இரட்டைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். திரும்ப அவர்களுடைய ஃபான்ட்டில் அடிக்கலாம் என்றார் டிசைன் மேஜையில் இருக்கிற தம்பி, நான் வீட்டுக்கு வந்து எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கி, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கொடுத்தேன். நீங்கள் போவதாக இருந்தால் முதலிலேயே அப்படிக் கொண்டுபோங்கள்.

அடுத்து பச்சை. அழகர் ஆற்றில் இறங்கும்போது உடுத்துகிற பச்சைப்பட்டுப் படம் ஒன்று வைத்திருந்தேன். திரையில் கண்ணைப் பறித்தது, ப்ரூஃபில் (சரிபார்க்கத் தருகிற மாதிரித் தாளில்) வாடிய வேப்பிலை மாதிரி வந்தது. இதைக் கடையின் தவறாக எழுத மாட்டேன். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மை அச்சில் பச்சை என்று தனியாக மை கிடையாது, சயானும் மஞ்சளும் சேர்ந்துதான் பச்சை, அந்த மைகள் திருப்பி அனுப்ப வேண்டிய ஒளியிலும் கொஞ்சத்தை விழுங்கிவிடுகின்றன. வேண்டுமானால் பச்சை மையைத் தனியாகக் கலந்து ஐந்தாவது பிளேட் போடலாம் என்றார் முதலாளி. காசைக் கேட்டதும் வேப்பிலையே போதும் என்றுவிட்டேன்.

இப்போது புகார். நோட்டீசின் உயிரே இரண்டு சாம்பல் கட்டங்கள்தான். ஒன்று வெள்ளைப் பின்னணியில், ஒன்று கறுப்புப் பின்னணியில், இரண்டும் கறுப்பு மை மட்டும் 50 சதவீதம். ஒரே சாம்பல்தான், ஆனால் வெள்ளையில் இருப்பது கறுத்தும் கறுப்பில் இருப்பது வெளுத்தும் தெரியும். பக்கத்தில் பாரிஸ் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவைப் பார்த்துக்கொண்ட ஷெவ்ரல் என்ற வேதியியலாளரைப் பற்றி நாலு வரி. கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்று புகார் வர, அவர் ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது. 1839-இல் புத்தகமாகவே போட்டார். சேலைக் கடையில் முந்தானையைப் பார்டரோடு சேர்த்து வைத்துப் பார்க்கிற எந்த மதுரைக்காரிக்கும் இது புரியும்.

ஆயிரமும் அடித்து வந்தது. பிரித்துப் பார்த்தால் இரண்டு கட்டமும் ஒரே மாதிரி இருக்கிறது! ஒரே மாதிரி 'தெரியக்கூடாது' என்பதுதானே பாடம்? கேட்டால் தம்பி ரொம்பப் பெருமையாக, "ரெண்டும் வேற வேற ஷேடா இருந்துச்சு டீச்சர், பிளேட் போடுறதுக்கு முன்னாடி நான்தான் கவனிச்சு ஒண்ணாக்கிவிட்டேன்" என்கிறார். வெள்ளையில் இருந்ததை வெளுக்க வைத்திருக்கிறார், கண்ணளவிலேயே. பழைய ஃபைலைத் திறக்கச் சொல்லி, ஒரு தாளில் இரண்டு ஓட்டை போட்டு, பின்னணி மறைந்து கட்டங்கள் மட்டும் தெரியும்படி திரையில் வைத்துக் காட்டினேன். தாளை வைக்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார், "அட!" என்றார். அவருடைய கண்ணைக் குறை சொல்ல முடியாது, ப்ரூஃபில் நான் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு போன் கூடப் போடாமல் ஃபைலில் கை வைத்ததைத்தான் சொல்கிறேன். அந்தக் கடைக்கு நீங்கள் போனால் பிளேட் போகும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள்.

சாம்பல் முழுக்கக் கறுப்பு மையில் இருந்ததால் கறுப்பு பிளேட் ஒன்றை மாற்றினால் போதும் என்றார் முதலாளி, பேப்பரைத் தான் போட்டுக்கொள்வதாகவும் பிளேட்டுக்கு மட்டும் நான் கொடுக்கும்படியும் கேட்டார். தப்பு உங்களுடையது, நான் ஏன் தர வேண்டும் என்று அரை மணி நேரம் பேசியதில் அதையும் விட்டுவிட்டார், டீயும் வாங்கித் தந்தார். மூன்றாம் நாள் புது ஆயிரம் கையில். கெட்டுப்போனதிலும் ஒரு கட்டு தூக்கிக்கொண்டு வந்தேன், ஓட்டைத் தாளை வைத்து எது ஏமாற்று என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

கிளம்பும்போது தம்பியிடம் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். மீனாட்சி கையில் இருக்கிற மாதிரி ஒரு கிளி, ஆனால் சுத்த மெஜந்தாவில். அதன் கண்ணையே அரை நிமிடம் பார்த்துவிட்டுப் பக்கத்து வெற்றுத் தாளுக்குக் கண்ணைத் திருப்பினால் அங்கே பச்சையாக ஒரு கிளி மிதக்கும். அவர் பார்த்தார், மிஷின் ஓட்டுகிற அண்ணனைக் கூப்பிட்டார், அவரும் பார்த்தார். "இந்தப் பச்சையை நம்ம மிஷின்ல எடுக்க முடியாதுண்ணே" என்றார் தம்பி.