எஃப்மாட் ஸ்டூடியோ: ஸ்கேல் மாறும் அந்த ஒரு பார்

எட்டு மாதமாக ஒரு சின்ன கேமுக்கு இசையமைத்து வருகிறேன். மொத்தம் இரண்டே பேர். கோடு எழுத ஒரு தம்பி, இசைக்கு நான். ஒரு சிறுமி கிராமத்திலிருந்து கிளம்பிக் குகைக்குள் போய்த் திரும்பி வரும் கதை. கிராமத்துக்கு சி மேஜர் என்ற வெளிச்சமான ஸ்கேல் (சுரவரிசை), குகைக்கு எஃப் மைனர் என்ற இருண்ட ஸ்கேல். இரண்டு பாட்டையும் எழுத மூன்று வாரம்தான் ஆனது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காது உறுத்தாமல் போவது எப்படி என்பதில்தான் மற்ற மாதங்கள் கரைந்தன. அந்த வேலைக்கு நான் பயன்படுத்தும் மென்பொருள் எஃப்மாட் ஸ்டூடியோ. பதிவுசெய்த இசையும் சத்தமும் கேமில் எப்போது, எப்படி ஒலிக்க வேண்டும் என்று அமைப்பது இதில்தான். ஹார்மனியில் (சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விதத்தில்) அக்கறை உள்ளவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். காலடிச் சத்தம், வெடிச் சத்தம் சேர்ப்பதற்கெல்லாம் அது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை.

மேடைக்கு எழுதும்போது ஸ்கேல் எந்த நொடியில் மாறும் என்பது நம் கையில் இருக்கிறது. இரண்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) முன்னாலேயே கேட்பவரைத் தயார்ப்படுத்திவிடலாம். கேமில் அந்த நொடி ஆடுபவர் கையில் இருக்கிறது. அவர் குளக்கரையில் அரை மணி நேரம் சும்மா நிற்பார். இல்லையென்றால் டி மைனர் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) ஒலித்துக்கொண்டிருக்கும்போதே குகைக்குள் பாய்ந்துவிடுவார். பலரும் செய்வது கிராஸ்ஃபேட். ஒன்றை அடக்கி இன்னொன்றை எழுப்புவார்கள். சி மேஜரும் எஃப் மைனரும் இரண்டு விநாடி ஒன்றின்மேல் ஒன்று ஒலித்தால், ஈயும் ஈ ஃபிளாட்டும் மோதும், ஏயும் ஏ ஃபிளாட்டும் மோதும். ஆடுபவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. முகம் மட்டும் சுளியும்.

எஃப்மாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது டிரான்சிஷன் டைம்லைன். கிராமப் பாட்டின் மேலே ஒரு டிரான்சிஷன் ரீஜனை (தாவ அனுமதிக்கும் பகுதியை) விரித்து, குகைப் பாட்டின் தொடக்கத்தில் உள்ள மார்க்கரை (அடையாளத்தை) அதற்கு இலக்காகக் கொடுக்கிறோம். ‘இடம்’ என்று ஒரு பாராமீட்டர் (கேம் மாற்றும் மதிப்பு) வைத்து, அது குகைக்கு மாறினால் தாவு என்று நிபந்தனை போடுகிறோம். இதுவரை எல்லாம் சாதாரணம். அப்புறம், அந்தத் தாவலுக்கு நடுவே ஒரு குட்டி டைம்லைனைச் செருகி, அதில் நமக்கு வேண்டிய இசையை வைத்துவிடலாம். அது கிராமப் பாட்டிலும் சேராது, குகைப் பாட்டிலும் சேராது. போகும்போது மட்டும் ஒலிக்கும்.

என் குட்டி டைம்லைனில் இருப்பது ஒரே ஒரு பார். செல்லோ சியைப் பிடித்து நிற்கும். வயோலாக்களில் ஈயும் ஜியும். மூன்றாம் பீட்டில் கிளாரினெட் தாழ்வாக ஒரு பி ஃபிளாட்டைத் தொடும். அவ்வளவுதான். அந்த நிமிடம் வரை வீடாக இருந்த சி மேஜர் கார்டு, இந்த ஒரு சுரம் சேர்ந்ததும் சி செவன்த் ஆகி, போக இடம் தேட ஆரம்பிக்கிறது. ஈ மேலே எஃப்புக்கு ஏறத் துடிக்கும், பி ஃபிளாட் கீழே ஏ ஃபிளாட்டில் இறங்கப் பார்க்கும். அடுத்த பாரின் முதல் அடியில் எஃப் மைனர் வந்து இரண்டையும் வாங்கிக்கொள்ளும். கிராமப் பாட்டில் ஆடுபவர் எந்தக் கார்டில் நின்றிருந்தாலும், அது ஜியோ எஃப்போ ஏ மைனரோ டி மைனரோ, அங்கிருந்து சி செவன்த்துக்கு வருவது இயல்பாகவே இருக்கிறது. ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதித்துப் பார்த்தேன்.

இதற்கு முன்னால் குகைக்கு ஏ மைனர்தான் வைத்திருந்தேன். சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமமாக எடுத்துக்கொண்டால் நடபைரவி வருமே, அந்தக் கிரகபேதம்தான். சுரங்கள் அதேதான், ஆதாரம் மட்டும் இடம் மாறுகிறது. எப்போது தாவினாலும் உரசாது. ஆனால் உரசல் இல்லாததாலேயே வெளிச்சம் போன உணர்வும் வரவில்லை. கிராமத்தில் மேகம் மூடியது போலத்தான் இருந்தது. குகைக்கு அது போதாது.

குவான்டைசேஷன், அதாவது தாளத்தின் எந்த இடங்களில் தாவலாம் என்ற வரையறை, பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாவலை பீட்டுக்குப் பீட்டு அனுமதிக்கலாம், பார் முடிவில் மட்டும் அனுமதிக்கலாம், நான்கு பாருக்கு ஒருமுறை என்றும் வைக்கலாம். என் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 பீட், 4/4 தாளம். அதாவது ஒரு பாருக்கு 2.5 விநாடி. பாட்டின் வாக்கியங்கள் நான்கு நான்கு பாராக அமைந்திருந்ததால் முதலில் நான்கு பார் என்று வைத்தேன். கேட்க அழகாக இருந்தது. ஆனால் ஆடுபவர் 10 விநாடி வரை காத்திருக்க நேர்ந்தது. குகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தவருக்குக் குகை இசை கேட்கவே இல்லை. பிறகு பீட்டுக்குப் பீட்டு வைத்தேன். உடனே தாவியது, ஆனால் புல்லாங்குழல் விட்டுப்போன பி சுரம் எதிரொலியில் தொங்கிக்கொண்டிருக்க, கிளாரினெட்டின் பி ஃபிளாட் அதன்மேல் வந்து உரசியது. பல்லில் மண் கடிபட்டது போல் இருந்தது. கடைசியில் ஒரு பார் என்று வைத்து, பி ஃபிளாட்டை மூன்றாம் பீட்டுக்குத் தள்ளி, பழைய பாட்டின் வால் அதற்குள் அடங்கும்படி குட்டி டைம்லைனிலேயே ஃபேட் வளைவை (சத்தம் தேயும் கோட்டை) சுருக்கினேன். அந்த வளைவைக் கையால் இழுத்துச் சரிசெய்ய முடிந்தது பெரிய நிம்மதி.

திரும்பி வரும் வழிக்கு வேறு பார் எழுதினேன். எஃப் மைனரிலிருந்து ஏ ஃபிளாட் மேஜர், பி ஃபிளாட் மேஜர், பிறகு சி மேஜர். படிப்படியாக ஏறி வெளிச்சத்துக்கு வரும் நடை. 1985இல் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேமில் ஒரு கட்டம் முடியும்போது ஒலிக்க வைத்த சின்னஞ்சிறு இசையும் இந்த மூன்று கார்டில்தான் முடிகிறது. குகைக்கு ஏ ஃபிளாட் சொந்தக் கார்டு என்பதால் முதல் அடியில் எதுவும் மாறியதாகத் தோன்றாது. சி வரும்போதுதான் வெளியே வந்துவிட்டோம் என்று தெரியும்.

இந்த யோசனையே புதிது கிடையாது. 1991இல் வெளிவந்த ‘மங்கி ஐலண்ட் 2’ கேமுக்காக மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐமியூஸ் என்ற இசை அமைப்பு இதைத்தான் செய்தது. அது மிடியில் (ஒலிப்பதிவாக இல்லாமல், எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்புகளாக) ஓடியது. எஃப்மாட்டில் நாம் பதிவுசெய்த ஆடியோவை வைத்துச் செய்கிறோம்.

ஆடியோ என்பதால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டைம்லைனில் வேகத்தையும் தாளத்தையும் குறிக்கலாம், ஸ்கேலைக் குறிக்க இடம் இல்லை. எந்தத் துண்டு எந்த ஸ்கேலில் இருக்கிறது என்பது நமக்குத்தான் தெரிய வேண்டும். நான் மார்க்கரின் பெயரிலேயே எழுதிவிடுகிறேன்: ‘குகை எஃப் மைனர்’, ‘கிராமம் சி’. கோபுரம் ஏறும் காட்சியில் ஒவ்வொரு மாடிக்கும் ஸ்கேல் ஏற வேண்டியிருந்தது. சி, ஈ ஃபிளாட், ஜி ஃபிளாட், ஏ, மறுபடி சி. மூன்று மூன்று செமிடோனாக (அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையிலான மிகச் சிறிய படி) நான்கு முறை ஏறினால் 12, வீட்டுக்கே வந்துவிடுகிறோம், அதனால் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சுற்று) முறியாது. ஒரே பதிவை, சுருதியை மாற்றும் பிட்ச் ஷிஃப்டர் போட்டு ஏற்றிப் பார்த்தேன். புல்லாங்குழலின் மூச்சு பொய்யாகிவிட்டது. நான்கு ஸ்கேலிலும் தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்தேன். வேலை அதிகம்தான், ஆனால் இதில் குறுக்கு வழி வேண்டாம் என்றே சொல்வேன்.

சண்டை வரும்போது கூடுதல் அடுக்கு சேர்ப்பதும் சுலபம். ‘ஆபத்து’ என்ற பாராமீட்டர் ஏற ஏற முரசின் சத்தம் கூடும். அந்த அடுக்கில் கார்டு எதுவும் வைக்காமல், அடியில் சி சுரத்தை மட்டும் அதிரவிட்டேன். எஃப் மைனருக்கு அது ஐந்தாம் சுரம். மேலே எந்தக் கார்டு போனாலும் அது நிற்கும், பதற்றமும் குறையாது.

இசையை இங்கேயே எழுதலாம் என்று நினைத்து யாரும் வர வேண்டாம். எழுதுவதும் பதிவுசெய்வதும் வேறு மென்பொருளில்தான். முழுப் பாட்டு ஒன்றை லூப்பில் ஓடவிட்டால் போதும் என்பவர்களுக்கு இது தேவையே இல்லை. ஸ்கேல் மாறும் இடத்தைத் தானே எழுத வேண்டும் என்று தவிப்பவர்களுக்கு, தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

எஃப்மாட்டை அதன் லைவ் அப்டேட் வசதி வழியாக ஓடும் கேமோடு இணைத்துவிட்டால், ஆடும்போதே மாற்றங்களைக் கேட்கலாம். போன வாரம் தம்பி ஆட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஃபேட் வளைவை நகர்த்திக்கொண்டிருந்தேன். குகைக்குள் நுழைந்து சில அடி போனதும் நின்றான். “அக்கா, பாட்டு எப்ப மாறுச்சுன்னே தெரியல. ஆனா உள்ள போகவே பயமா இருக்கு.” பி ஃபிளாட்டை இன்னும் ஒரு டெசிபல் குறைத்தேன். திரும்ப வெளியே வரச் சொன்னேன். ஏ ஃபிளாட், பி ஃபிளாட், சி. அவன் தோள் மெல்ல இறங்கியதைப் பார்த்தேன். அடுத்து ஆற்றங்கரை, டி மேஜர். அங்கே போக ஏ செவன்த்தில் ஒரு பார் எழுதிவைத்திருக்கிறேன். நாளைக்குத்தான் ஏற்றிப் பார்க்க வேண்டும்.