வைத்த இடத்தில் நிற்குமா? கோலாலம்பூர் சூட்டில் ஸ்டாப் மோஷன் பொருள்கள்

பொருளைத் துளித் துளியாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்து ஓடவிடும் ஸ்டாப் மோஷன் செய்யப்போகும் மாணவர்கள் முதலில் கேட்பது "எந்தக் களிமண் வாங்குவது?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. விநாடிக்கு 12 படம் என்று வைத்துக்கொண்டால், பத்து விநாடிக் காட்சிக்கு 120 படம் எடுக்க வேண்டும். அத்தனை முறையும் பொம்மையைத் தொட்டு, துளி நகர்த்தி, கையை எடுக்கிறீர்கள். கையை எடுத்த பிறகு அது வைத்தது வைத்தபடி நிற்கிறதா? நின்றால் நல்ல பொருள். சாய்ந்தாலோ, சுருண்டாலோ, துள்ளித் திரும்பினாலோ எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. இந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே கடைகளில் கிடைக்கும் பொருள்களை எடை போடுகிறோம்.

இணையத்தில் பார்க்கும் பயிற்சிக் காணொளிகளில் பல குளிர்நாட்டு அறைகளில் எடுக்கப்பட்டவை. இங்கே மதியம் இரண்டு மணிக்கு, ஏர்கோன் இல்லாத அடுக்குமாடி அறையில் சூடு 32, 33 டிகிரிக்குப் போகும். காற்றிலும் ஈரம் அதிகம். அங்கே நிற்கும் பொருள் இங்கே நிற்காமல் போவதற்கு இது போதும்.

எண்ணெய்க் களிமண்ணிலிருந்து தொடங்குவோம். அதிகம் வாங்கப்படுவதும் அதுதான், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். பிளாஸ்டிசின் வகைக் களிமண்ணில் சுண்ணத் தூள், வாசலின், ஸ்டீரிக் அமிலம் போன்றவை கலந்திருக்கும். தண்ணீர் கிடையாது, அதனால் காயாது. ஒரே கட்டியை மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். ஆனால் எண்ணெய்ப்பசை சூட்டில் இளகும். புத்தகக் கடையில் பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் சிறுவர் பாக்கெட்டுகள், சின்னக் கைகள் பிசைவதற்காகவே மிருதுவாகச் செய்யப்பட்டவை. அதில் ஒரு கையைச் செய்து, நீட்டி வைத்து, மேலே விளக்கையும் போட்டால் மணிக்கட்டு தானாகத் தொங்கத் தொடங்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. ஓடவிட்டால்தான் பொம்மை மயங்கி விழுவது தெரியும்.

இதற்கு இரண்டு வழி. சிற்பக் கலைஞர்களுக்கான எண்ணெய்க் களிமண்ணில் மீடியம், ஹார்ட் என்று கடினத்தைப் பார்த்து வாங்கலாம். விலை கூடுதல், ஆனால் நம் ஊர்ச் சூட்டுக்கு அதுதான் சரி. கையில் இருப்பது சிறுவர் பாக்கெட்தான் என்றால் எண்ணெயைக் கொஞ்சம் வெளியே எடுக்கலாம். களிமண்ணை மூன்று மில்லிமீட்டர் தகடாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் வெள்ளைத் தாள் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். தாள் எண்ணெயை உறிஞ்சும், காலையில் களிமண் இறுகியிருக்கும். செய்தித்தாளை வைக்காதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும். ரொம்ப இறுகிவிட்டால் ஒரு துளி பேபி ஆயில் போட்டுப் பிசைந்தால் திரும்பிவிடும்.

குளிர்பெட்டியில் பத்து நிமிடம் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வெறுமனே வைத்து எடுத்தால் வெளிக்காற்றின் ஈரம் மேலே பனியாகப் படிந்து, விளக்கு வெளிச்சத்தில் பொம்மை வியர்த்தது போல மின்னும். ஜிப் பையில் போட்டு மூடி வைத்து, எடுத்த பிறகும் சில நிமிடம் பையிலேயே விட்டால் ஈரம் பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும்.

நிறங்களைத் தொடும் வரிசையும் முக்கியம். வெள்ளையை முதலில், கறுப்பைக் கடைசியில். நடுவே ஈரத்துடைப்பானால் விரல்களைத் துடைக்காவிட்டால் பொம்மையின் வெள்ளைச் சட்டை மூன்றாவது காட்சியில் சாம்பலாகிவிடும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

களிமண்ணை மட்டும் நம்பி நடக்கும் பொம்மை செய்ய முடியாது. உள்ளே கம்பிக்கூடு வேண்டும். இங்கே கம்பித் தேர்வுதான் எல்லாம். ஹார்ட்வேர் கடையில் சுலபமாகக் கிடைக்கும் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வளைத்ததும் கொஞ்சம் திரும்பித் துள்ளும். செம்பு முதலில் மிருதுவாக இருக்கும், வளைக்க வளைக்க இறுகும். அலுமினியம்தான் வளைத்த இடத்தில் நிற்கும். போன்சாய் மரங்களுக்குச் சுற்றும் கம்பியும் பெரும்பாலும் அலுமினியம்தான். சுங்கை பூலோ பக்கத்துச் செடித் தோட்டங்களில் விசாரித்துப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் உயரப் பொம்மைக்கு, கைகளுக்கு 1.5 மில்லிமீட்டர் கம்பி இரண்டு இழை, கால்களுக்கு 2 மில்லிமீட்டர் இரண்டு இழை முறுக்கினால் போதும். இறுக்கி முறுக்கக்கூடாது. இறுக்கினால் கம்பி அப்போதே பாதி உயிரை இழந்துவிடும்.

எலும்பு இருக்கும் இடங்களில், பிசைந்து பூசினால் கல்லாக இறுகும் எபாக்ஸி புட்டி பூசிக் கெட்டியாக்குங்கள். முழங்கை, முழங்கால், இடுப்பு மட்டும் கம்பியாக இருக்கட்டும். அப்போதுதான் கை ரப்பர்க் குழாய் மாதிரி வளையாமல் கை மாதிரி மடங்கும். உடைவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: புட்டி முடிந்து கம்பி தொடங்கும் விளிம்பில். அங்கே வளைவு ஒரே புள்ளியில் விழுகிறது. அதே புள்ளி பல முறை மடங்கினால் உலோகம் களைத்து அறுந்துவிடும். புட்டியின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிட்டு, மூட்டைக் கட்டைவிரலால் வட்டமாக அணைத்து வளைத்தால் கம்பி நெடுநாள் வரும். மணிக்கட்டுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தலைக்குள் அலுமினியத் தாளை உருட்டி வைத்து மேலே மெல்லியதாகக் களிமண் போடுங்கள். முழுக் களிமண் தலையின் எடையைக் கழுத்து தாங்காது.

கால் தரையில் நிற்க, பாதத்தில் எம்3 (3 மில்லிமீட்டர் திருகுக்கான) நட்டைப் புதைத்து, துளையிட்ட பலகைக்கு அடியிலிருந்து திருகால் பிடிப்பதே உறுதியான முறை. பினாங்கில், அதிலும் கடலோரத்தில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகுத் திருகையே வாங்குங்கள். இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் பெரிய பிஸ்கட் டின்னின் மூடியைத் தரையாகப் போட்டு, பாதத்தில் 10 மில்லிமீட்டர் அகல நியோடிமியம் காந்தத்தை வைக்கலாம். நேராக நிற்கும் பொம்மைக்கு இது நன்றாக வேலை செய்யும். ஒற்றைக் காலில் ஓடும் காட்சிக்குப் போதாது.

காற்றில் காயும் களிமண்ணை உடம்புக்கு வாங்காதீர்கள். தண்ணீர் போகும்போது சுருங்கி, கம்பியைச் சுற்றி விரிசல் விடும். காய்ந்த பிறகு மடங்காது. டைசோவில் கிடைக்கும் எடை குறைந்த பஞ்சுக் களிமண் மட்டும் தலைகளுக்கும் மேசைப் பொருள்களுக்கும் அருமை. வாய் அசைவுக்குத் தனித்தனி வாய்கள் செய்து மாற்றி மாற்றி ஒட்டுவதென்றால், ஓவனில் சுடும் பாலிமர் களிமண் நல்லது. பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டைத் தாண்டவே கூடாது. கருகினால் புகை கெட்டது.

லெகோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அது நிற்கிறது. புடைப்புக்குப் புடைப்பு 8 மில்லிமீட்டர் என்பதால் நகர்த்தும் அளவும் தானாக அமைந்துவிடும். முழங்கால் மடங்காது, முகம் மாறாது. அடித்தட்டை மட்டும் ப்ளூ டேக் என்ற ஒட்டுப்பசைக் கட்டியால் மேசையில் ஒட்டிவிடுங்கள். பழைய பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தால் முதல் வாரப் பயிற்சிக்கு வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

பொருள் அசையாமல் நின்றும் படம் துடிக்கிறது என்றால் குற்றவாளி வெளிச்சம். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம், 1/50 அல்லது 1/25 விநாடி என்று இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு ஒளி விழும். அமெரிக்கக் காணொளிகளில் 1/60 என்பார்கள். அது அவர்களுடைய 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் சொன்னது, இங்கே அப்படியே வைத்தால் படம் மினுங்கும். கைப்பேசியில் குவியம், ஒளி அளவு, வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டுங்கள். சன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். மாலை மழைக்கு மேகம் திரளும்போது அறையின் வெளிச்சம் ஐந்தே நிமிடத்தில் மாறிவிடும். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டையும் ஒரு விளக்குதான். காற்றாடியை மேசைப் பக்கம் திருப்பவே கூடாது.

இப்போது எங்கள் முதல் தேர்வு: காகித வெட்டுருவம். உருவத்தை மேசையில் படுக்க வைத்து மேலிருந்து படம் எடுப்பதால் புவியீர்ப்பு உங்கள் பக்கம். தோற்பாவைக் கூத்தும் மலாய் நிழற்பாவைக் கூத்தான வாயாங் கூலிட்டும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, மூட்டு மூட்டாக அசையும் தட்டையான உருவம் புதிதும் அல்ல. 200 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அட்டை வாங்குங்கள். நகலெடுக்கும் 80 ஜிஎஸ்எம் தாள் இங்கத்தைய ஈரத்தில் ஓரம் சுருண்டு நிழல் விழும். செய்து முடித்த உருவங்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் வையுங்கள்.

மூட்டுக்குப் பித்தளை ஆணி வேண்டாம், அதன் தலை துருத்திக்கொண்டு மினுங்கும். ஊசியால் இரண்டு அட்டையையும் துளைத்து, தடித்த நூலைச் செலுத்தி, முன்னும் பின்னும் முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் ஒரு பொட்டு வெள்ளைப் பசை வைத்தால் போதும். முடிச்சு எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் தரம் இருக்கிறது. உருவத்தைத் தூக்கிப் பிடித்தால் கை ஆடாமல் நிற்க வேண்டும், ஒரு விரலால் தள்ளினால் நகர வேண்டும். தளர்ந்துவிட்டால் இரண்டு அட்டைக்கும் நடுவே கடுகளவு ப்ளூ டேக் வையுங்கள்.

இதில் கெடுவது பொருள் அல்ல, கேமரா பிடிப்பு. வளையும் கழுத்துள்ள கைப்பேசித் தாங்கிகள் தலைகீழாகத் தொங்கும்போது மெல்ல மெல்ல இறங்கும்; ஒரு மணி நேரத்தில் சட்டகமே இடம் மாறியிருக்கும். இந்த வேலைக்கு அவற்றை வாங்க வேண்டாம். ஒரே உயரமான இரண்டு புத்தக அடுக்குகளுக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு, லென்ஸ் மட்டும் விளிம்புக்கு வெளியே வரும்படி கைப்பேசியைப் படுக்க வைத்து, பலகையோடு டேப்பால் கட்டுங்கள். பின்னொளியில் நிழலுருவமாக எடுப்பதற்கு ஏ4 அளவு எல்இடி வரைபலகை போதும். அதன் வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். பல பலகைகள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டே மங்கலாக்குகின்றன, அதுவும் மினுங்கும். முழு வெளிச்சத்தில் வைத்து, மேலே வெள்ளைத் தாள்களை அடுக்கிக் குறையுங்கள்.

மலேசியத் தமிழ் மாணவர்கள் கட்டாயம் தொட்டுப்பார்க்க வேண்டிய ஒன்று கோலத்துக்கான வண்ண அரிசி. தீபாவளி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் பினாங்கு லெபோ பாசாரிலும் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அரிசியில் சாயம் பிசைந்து நிழலில் உலர்த்தினாலும் ஆயிற்று. கறுப்பு அட்டையில் கொட்டி, நுனி வெட்டிய ஓவியத் தூரிகையால் தள்ளித் தள்ளி எடுத்தால், பூ விரிந்து மயிலாகிப் பறக்கும். தூளைப் போல அரிசி பறக்காது, ஒவ்வொரு மணியும் வைத்த இடத்தில் கிடக்கும். விரலால் தொட்டால் வியர்வையில் சாயம் இளகி அட்டையில் கறை விழும். அரிசி மாவு ஈரம் இழுத்துக் கட்டி கட்டும். மாவுதான் வேண்டும் என்றால் கல்மாவு எடுங்கள். அரிசியோ அரிசி மாவோ இரவில் அப்படியே விட்டால் எறும்பு வந்து கலைத்துவிடும். கலைந்த கோலத்தை அச்சாக மறுபடி அடுக்க முடியாது, ஆகவே ஒரே அமர்வில் முடிக்கக்கூடிய ஐந்தாறு விநாடிக் காட்சியாகத் திட்டமிடுங்கள். கடைவரிசைக்கு முன்னால் இருக்கும் தூண் நடைபாதையான அஞ்சடியில் போட்டு எடுக்க ஆசை வந்தால் மப்பும் மந்தாரமுமான நாளைத் தேர்ந்தெடுங்கள், வெயிலில் தூண் நிழல் நகர்ந்துகொண்டே போகும்.

துணி உடுத்த நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சரிகைக் கரையைத் தவிர்த்துவிடுங்கள், ஒவ்வொரு தொடலுக்கும் அது வேறு இடத்தில் மின்னும். மெல்லிய பருத்தியின் உட்புறத்தில் அலுமினியத் தாளைப் பசையால் ஒட்டினால் புடவை மடிப்பு மடித்தபடி நிற்கும்.

செயலி என்று வந்தால் ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போதும், ஆனியன் ஸ்கின் வசதி ஒன்றுக்காகவே அதைப் பரிந்துரைக்கலாம். முந்தைய படம் மங்கலாகத் தெரிவதால் தட்டிவிட்ட பொம்மையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடிகிறது. வேகத்தை 12 என்று படம் எடுக்கும் முன்பே வையுங்கள். பாதியில் மாற்றினால் அதுவரை எடுத்த அசைவெல்லாம் வேகம் மாறிவிடும். திரையைத் தட்டி எடுக்காமல் புளூடூத் பொத்தானால் எடுங்கள். ஒவ்வொரு காட்சியின் முதல் படமாக, காட்சி எண், ஷட்டர் வேகம், விளக்குக்கும் மேசைக்கும் இடையிலான தூரம் இவற்றை ஒரு தாளில் எழுதிப் படம் பிடித்துவிடுங்கள். மறுநாள் அதே காட்சியைத் தொடர வேண்டி வந்தால் விளக்கை எங்கே வைப்பது என்று தேட வேண்டியிருக்காது.