துருவுக்கு மேல் பெயின்ட், பெயின்ட்டுக்கு மேல் பில்: ஸ்டீயரிங் வேலைக்கு வண்டி விடுகிறவர்கள் கவனத்துக்கு

தூத்துக்குடி வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டீயரிங் பாகங்களை மாற்றியதாகச் சொல்லிப் பில் போட்டுவிட்டு, பழைய பாகத்துக்கே கறுப்பு பெயின்ட் அடித்து அனுப்பும் வேலை நடக்கிறது. என் வண்டிக்கு நடந்தது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை.

வண்டி அப்பா வாங்கிய 2009 மாடல் சான்ட்ரோ. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அந்த மழையில் எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீரும் உப்பளத் தண்ணீரும் கலந்து நின்றது. சக்கரம் பாதி முங்கிய நிலையில் வண்டி கிடந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று நிம்மதியாக இருந்தோம். சில மாதம் கழித்து, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம். ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினால் சக்கரம் உடனே திரும்பாமல் நடுவில் ஒரு ஆட்டம். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரமும் வந்தது. ஆட்டம் காணும் ஸ்டீயரிங்கோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக முடியாது.

வேலை என்னவென்று தெரிந்தால்தான் ஏமாற்று புரியும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடமும் வலமுமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் தண்டுதான் ஸ்டீயரிங் ராக். அதன் இரண்டு முனையிலும் ராக் எண்ட் இருக்கும். அதன் மரையில் டை ராட் எண்ட் ஏறி நிற்கும். நடுவில் ஒரு லாக் நட். டை ராட் எண்டின் மறுமுனை சக்கரத்தைப் பிடித்திருக்கும். இரண்டிலுமே ஒரு இரும்பு உருண்டை, கிண்ணத்துக்குள் கிரீஸில் அசைந்துகொண்டிருக்கும். மேலே ரப்பர் உறை. ராக் எண்டை மூடியிருக்கும் உறைக்கு ராக் பூட் என்று பெயர். ரப்பர் கிழிந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும், உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். கிரீஸ் கரைந்து, உருண்டை துருவேறித் தேய்ந்து, முற்றிப்போனால் கிண்ணத்தை விட்டே கழன்று வரும். அப்புறம் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும், சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும்.

பைபாஸ் ஓரம் புதிதாகத் திறந்த, கண்ணாடி வைத்த, ஏசி போட்ட பட்டறை அது. முதலில் ராக்கையே மாற்ற வேண்டும் என்றார்கள். நான் தயங்கியதும், “சரி சார், ரெண்டு பக்கமும் ராக் எண்டும் டை ராட் எண்டும் மாத்திக் குடுத்துடுறோம், ராக் பூட்டும் புதுசு போட்டுடலாம்” என்று இறங்கி வந்தார் மேனேஜர். அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), லேபர் எல்லாம் சேர்த்து 11,800 ரூபாய். வண்டியை எடுக்கும்போது பழைய பாகங்களைக் கேட்டேன். ஸ்கிராப்காரர் காலையிலேயே எடுத்துப் போய்விட்டாராம்.

சத்தம் நின்றிருந்தது, அதுதான் இதில் பெரிய தந்திரம். கிழிந்த ரப்பருக்குள் கிரீஸை அடைத்துவிட்டால் தேய்ந்த உருண்டைகூடக் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஆனால் நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. முன் டயர்களின் உள் ஓரம் வேகமாகத் தேய்ந்தது. பிறகு சத்தமும் திரும்பி வந்தது.

வேறொரு கடைக்கு அலைன்மெண்ட் பார்க்கப் போனேன். பள்ளத்துக்குள் இறங்கிய பையன் வலதுபக்கம் ஸ்பானரை வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, கொஞ்சம் கீழ வந்து பாருங்க” என்றான். வலது லாக் நட்டின் மேல் பெயின்ட் ஒரே படலமாக, நட்டிலிருந்து மரை வரைக்கும் கீறல் விழாமல் ஓடியிருந்தது. அந்த நட்டைத் தளர்த்தாமல் டை ராட் எண்டைக் கழற்றவும் முடியாது, அந்தப் பக்கம் அலைன்மெண்ட் திருத்தவும் முடியாது. “இதுல ஸ்பானரே படல அண்ணாச்சி.” தின்னர் நனைத்த துணியால் துடைத்தான். கறுப்பு வழிந்து அடியில் செம்பழுப்புத் துரு தெரிந்தது. ராக் பூட்டின் கிளாம்பு இடுக்கில் வெள்ளத்தில் வந்த மண் காய்ந்து அப்படியே இருந்தது. பூட்டைக் கழற்றாமல் ராக் எண்டை மாற்றவே முடியாது. சக்கரத்துப் பக்கம் நட்டில் ஸ்பிலிட் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் ஒரு கட்டுக்கம்பித் துண்டைச் சொருகியிருந்தார்கள்! எனக்கு அதுதான் அதிகம் எரிந்தது. ஐந்து பத்து ரூபாய் பின் அது. நட் கழன்று விழாமல் காப்பது அது ஒன்றுதான்.

ஆக, புதிதாகப் போட்டது இடதுபக்க டை ராட் எண்ட் ஒன்று மட்டும். அதிலும் கம்பெனி பெயரோ பார்ட் நம்பரோ கிடையாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றி அலைன்மெண்ட் பார்க்காமல் விட்டதால்தான் டயர் தேய்ந்தது. அப்படியானால் எனக்குக் கொடுத்த அலைன்மெண்ட் தாள்? வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். மேலே வேறு கம்பெனிக் காரின் மாடல் பெயர் அச்சாகியிருந்தது. அதன் பக்கத்தில் என் வண்டி நம்பரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

போட்டோக்களோடு போய்க் கேட்டேன். “நம்ம ஊர் உப்புக் காத்துல புதுசும் துருப்பிடிக்கத்தான் சார் செய்யும்” என்றார் மேனேஜர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். புதுப் பாகத்தில் துரு பெயின்ட்டுக்கு அடியில் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டதற்கு, ஓனர் வெளியூரில் இருக்கிறார் என்று பதில்.

பிறகு டவுனுக்குள் பழைய மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் சரிசெய்து கொடுத்தார். துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டுத்தான் கழற்ற முடிந்தது. ராக் தண்டில் துரு இறங்கவில்லை. ராக்கை மாற்ற வேண்டிய தேவையே இல்லை என்றார். எல்லாப் பாகத்தையும் எம்.ஆர்.பி. அச்சிட்ட பெட்டியோடு என் கண்முன் பிரித்து, பழையதை என் டிக்கியில் போட்டார். செலவு முதல் பில்லில் பாதிகூட ஆகவில்லை.

வண்டி விடுமுன் பழைய லாக் நட்டையும் பூட் கிளாம்பையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாகம் வேண்டும் என்பதை, பட்டறையில் வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். பணம் கட்டுமுன் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். புதுப் பாகத்துக்கு யாரும் புதிதாகப் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். அலைன்மெண்ட் தாளில் உங்கள் மாடலும், திருத்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளும் அச்சில் இருக்க வேண்டும். வீட்டிலேயே சோதிக்க, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் இந்தப் பாகங்கள்தான். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பேரிங்கையோ பால் ஜாயிண்டையோ பார்க்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதிந்த பிறகு பட்டறையிலிருந்து போன் வந்தது. லேபர் பணத்தை மட்டும் திருப்பித் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். போடாத பாகத்துக்கான பணத்தையும் சேர்த்து எழுத்தில் கேட்டேன். அதோடு பேச்சு நின்றது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மாடல் பெயர் ஒன்றும் வண்டி நம்பர் வேறொன்றுமாக உள்ள அலைன்மெண்ட் தாள் உங்களில் யாரிடமாவது இருந்தால், கிழித்துப் போடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.