மலையாளத்தை மலையாளமாகவே கேட்க: சேலத்துத் திரையரங்கு ஒன்றில் இரவுக் காட்சி

சேலம் நகருக்குள் இருக்கும் பழைய திரையரங்கு ஒன்றில், சென்ற ஞாயிறு இரவுக் காட்சிக்கு மலையாளப் படம் பார்க்கச் சென்றிருந்தேன். தமிழுக்கு மொழிமாற்றம் செய்யாமல், நடிகர்கள் பேசிய மலையாளத்தையே கேட்க விட்டதற்காக அந்த அரங்கை மனமாரப் பாராட்டுகிறேன்.

மலையாளப் படங்களில் பேச்சு ஊருக்கு ஊர் மாறும். மலபார் முஸ்லிம்கள் மூத்தவரை ‘இக்கா’ என்பதையும், பிறர் ‘சேட்டா’ என்பதையும், மத்திய கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவரை ‘அச்சாயன்’ என்று குறிப்பதையும் காதால் கேட்டால்தான் கதை எந்த மண்ணில், எவர் வீட்டில் நடக்கிறது என்பது பிடிபடும். அன்று திரையில் ஓடிய ஆங்கில சப்டைட்டிலிலோ இக்காவும் சேட்டாவும் ஒரே ‘பிரதர்’ ஆகிவிட்டார்கள். தமிழில் வரிகள் ஓடியிருந்தால் அந்தச் சொற்களை அப்படியே எழுதியிருக்கலாம். நமக்கு எட்டாத சொற்களா அவை?

குறை இன்னொன்றும் உண்டு. வசனம் இரண்டு வரியாக வரும்போதெல்லாம் கீழ்வரியின் பாதி, திரையின் ஓரத்துக் கறுப்புத் துணியில் விழுந்து மறைந்தது. இடைவேளையில் ஆபரேட்டரிடம் சொன்னேன். அவர் உடனே படத்தைச் சற்று மேலே ஏற்றிவிட்டார். இரண்டாம் பாதியில் தொல்லையில்லை. இருக்கைகளும் ஒலியும் நன்றாகவே இருந்தன.

ஒரு நாளைக்கு ஒரே காட்சி, அதுவும் இரவில் என்பதுதான் வருத்தம். ஏற்காட்டிலிருந்து வருபவர் படம் முடிந்து நள்ளிரவுக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். அதே ஏற்காடு சாலையில்தான் படத் தயாரிப்பு நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் டி.ஆர். சுந்தரத்தின் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. 1961இல் ஹஜ் பயணத்துக்குக் காசு சேர்க்கும் முதிய செருப்புத் தைப்பவரின் வாழ்வைச் சொன்ன ‘கண்டம் பெச்ச கோட்டு’, மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப்படம்; அதையும் அவர்களே எடுத்தார்கள். மலபார் முஸ்லிம்களின் வாழ்க்கையைச் சேலத்து நிறுவனம் வண்ணத்தில் எடுத்துக் காட்டிய பெருமை இருக்கையில், இவ்வூர் அரங்கில் மலையாளப் படத்துக்கு ஒரு மாலைக் காட்சி கேட்பது அதிகமில்லை.

மாலைக் காட்சியும் தமிழ் வரிகளும் வந்தால் ஆங்கிலம் படிக்கத் தெரியாத என் அம்மாவையும் அழைத்துச் செல்வேன். அன்று காட்சி முடிந்து வெளியேறும்போது மேலாளரிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.