அம்மாவோடு ஐரோப்பா என்று சொல்லி 3,40,000 ரூபாயை விழுங்கிய டூர் ஆபீஸ்: சேலத்துக்காரர்களே, ஜாக்கிரதை

சேலத்தில் யாராவது அப்பா அம்மாவை வெளிநாடு கூட்டிப் போகலாம் என்று டூர் ஏஜென்சியில் அட்வான்ஸ் கட்டத் தயாராக இருந்தால், தயவு செய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். எனக்கு இன்று மத்தியானம்தான் கடைசி பதில் வந்தது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய், அதில் ஒரு பைசா திரும்ப வராதாம். "நான்-ரீஃபண்டபிள் மேடம், கம்பெனி பாலிசி" என்று வாட்ஸப்பில் ஒரே ஒரு வரி. இன்னும் கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடவில்லை. போட்டால் மானநஷ்ட வழக்கு போடுவேன் என்று அந்த ஆபீஸ் ஓனர் இப்போதே மிரட்டியாகிவிட்டது, என் புகார் முறையாகப் பதிவாகும் வரை அந்தத் தலைவலி எனக்கு வேண்டாம். மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு, உள்ளே குளுகுளு ஏசி, சுவர் முழுக்க ஈபிள் டவர் படம், இன்ஸ்டாகிராமில் தினம் ஒரு ரீல்ஸ், அந்த மாதிரி ஆபீஸ். ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் போனால் இப்படி எத்தனை ஆபீஸ் கண்ணில் படும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் எது என்று கேட்டு யாரும் என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அம்மா ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலை பார்த்த காலம் முழுக்க அஸ்தம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, சாயங்காலம் அதே இருபதும் இறங்கி வந்தவர். பனிமூட்டம், குளிர், மழை எல்லாம் பார்த்தாயிற்று, பனி மட்டும் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு ஆல்ப்ஸ் மலை பாடம் நடத்தியதோடு சரி. ஏற்காடே சுமார் 1,500 மீட்டர்தான், யுங்ஃபிராவ்யோக் என்று சுவிட்சர்லாந்தில் ஒரு ரயில் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது, ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம், 1912லிருந்து ரயில் ஓடுகிறது என்று நான் யூடியூபில் காட்டியபோது, "அங்க ரயிலே போகுதா கண்ணு" என்று கேட்டார். அவ்வளவுதான், போவது என்று முடிவாகிவிட்டது. தன் டெபாசிட்டை அது முதிர்வதற்கு முன்பே உடைத்துப் பணம் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். வட்டியில் நஷ்டம் வரும் என்று பேங்கில் சொன்னார்கள். "இருந்தா இருந்துட்டுப் போகுது" என்று கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் அந்த ஆபீஸில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் இவர்கள் ஆளைக் கவிழ்க்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஓனர் எழுந்து வந்து அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். காபி வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டு, சர்க்கரை இல்லாத காபி. முழங்கால் வலி உண்டா அம்மா, மாடிப்படி ஏற முடியுமா, லிஃப்ட் இல்லாத ஹோட்டலே போட மாட்டேன், ஏர்போர்ட்டில் வீல்சேர் சொல்லிவிடுகிறேன், சைவமா, அப்படியென்றால் லூசர்னில் இந்தியச் சாப்பாடு, வெனிஸில் மட்டும் ஒரு நாள் பீட்சாவில் சமாளித்துக்கொள்ளுங்கள் என்று சிரிப்பு வேறு. தன் அம்மாவை இதே டூரில் கூட்டிப் போனதாக போனில் போட்டோ காட்டினார், டிட்லிஸ் மலையில் சுற்றும் கேபிள் காருக்கு முன்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு வயதான அம்மா. அது யாருடைய அம்மாவோ, இப்போது எனக்கு அதிலும் சந்தேகம்தான். "அக்கா, நான் பேக்கேஜ் விக்கல, எங்கம்மாவுக்குச் செஞ்சதை உங்கம்மாவுக்குச் செய்யறேன்" என்றார். அம்மா வெளியே வந்து, "நல்ல பையன், பெத்தவங்களை மதிக்கிறான்" என்றார். ஒரு மனுஷனை இதைவிட எப்படி நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

22 நாள். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ரைன் அருவி, லூசர்ன், யுங்ஃபிராவ், இன்ஸ்ப்ரூக், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம். அம்மா ஓடக்கூடாது என்பதால் ஒவ்வொரு ஊரிலும் கூடுதலாக ஓர் இரவு. இரண்டு பேருக்கும் சேர்த்து 7,60,000. ஜூன் மாதம் கிளம்ப வேண்டும், ஜனவரியில் அட்வான்ஸ், "இன்னைக்கு ராத்திரிக்குள்ள டிக்கெட் பிளாக் பண்ணலைன்னா ரேட் ஏறிடும் அக்கா". அன்று சாயங்காலமே 3,40,000 அனுப்பினோம். டிசிஎஸ், அதாவது வெளிநாட்டு டூருக்கு ஏஜென்சி நம்மிடம் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரி, 5 சதவீதம், 17,000, அதில் அடக்கம் என்றார், ரசீதிலும் எழுதிக் கொடுத்தார். ராத்திரியே பிஎன்ஆர் வந்தது, ஏர்லைன்ஸ் வெப்சைட்டில் போட்டால் அம்மா பெயரும் என் பெயரும் அழகாக வந்தன. அம்மா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சித்திக்கு அனுப்பினார்.

அதற்கப்புறம் மூன்று மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. விசா எப்போது என்று கேட்டால் "ஸ்லாட் இல்லை அக்கா, சம்மர் ரஷ்". ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து வாங்கும் ஒரே விசாவுக்கு, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், இது எனக்கு இப்போது தெரியும். ஜனவரியிலேயே போட்டிருக்கலாம். ஏப்ரல் கடைசியில் திடீரென்று நாளைக்கு மறுநாள் சென்னையில் அப்பாயின்ட்மென்ட், கிளம்புங்கள் என்றார்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரியோடு ராத்திரியாகப் போனோம், அம்மாவுக்கு மிடில் பெர்த்தான் கிடைத்தது. விசா மையத்து வாசலில் ஏஜென்சிப் பையன் ஒரு தடிமனான ஃபைலோடு நின்றான், பென்சிலில் குறி போட்ட இடத்தில் எல்லாம் சைன் போடுங்கள், டோக்கன் கூப்பிடுகிறார்கள் என்றான். டோக்கன் நம்பர் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஐம்பது பக்கத்தை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? கைரேகை கொடுத்தோம், போட்டோ எடுத்தார்கள். ஆளுக்கு 90 யூரோ விசா கட்டணம், அது போக சர்வீஸ் சார்ஜ், இதெல்லாம் நான் தனியாகக் கட்டியது, 3,40,000த்தில் சேராது.

மே கடைசியில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. விசா மறுப்பு. இரண்டு பேருக்குமே. கூடவே வரும் படிவத்தில் காரணங்கள் அச்சடித்திருக்கும், பொருந்துவதற்கு நேரே குறி போட்டிருப்பார்கள். தங்குவதன் நோக்கம், விவரம் பற்றிக் கொடுத்த தகவல் நம்பத்தகுந்ததாக இல்லை என்பதற்கு நேரே குறி. அம்மா அதை இரண்டு தடவை படித்தார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சரிடம், நீ கொடுத்த தகவலை நம்ப முடியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பணத்தைவிட அதுதான் அவருக்கு.

சரி, ஃபைலில் என்னதான் இருந்தது என்று பார்க்க வேண்டாமா? நகல் கேட்டேன், தரவில்லை. "அது ஆபீஸ் ப்ரொசீஜர்." கடைசியில் அந்தப் பையன்தான் வேலையை விட்டுப் போகும்போது, என்ன மனசாட்சியோ, பிடிஎஃப்பை எனக்கு அனுப்பிவிட்டான். பார்த்தால் அது எங்கள் டூரே இல்லை! எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். எங்கள் திட்டத்தில் அதிக இரவு சுவிட்சர்லாந்து. இவர்கள் கடைசி நேரத்தில் எங்கே ஸ்லாட் கிடைத்ததோ அங்கே போட்டிருக்கிறார்கள், எங்கள் பட்டியலில் இரண்டே இரவு இருந்த நாட்டுக்குப் பதினோரு இரவு என்று புதுசாக ஒரு பயணத்திட்டம் தயார் செய்து. அதில் இருந்த ஹோட்டல்களுக்கு நானே மெயில் போட்டேன். பதில் போட்ட இரண்டு ஹோட்டலும் ஒரே மாதிரி சொன்னார்கள்: இலவசமாக ரத்து செய்யக்கூடிய புக்கிங், விண்ணப்பம் போட்ட அதே வாரத்தில் ரத்தாகியிருக்கிறது, பணம் எதுவும் வரவில்லை. விசா அதிகாரி அந்த ஹோட்டலைக் கேட்டிருந்தால் அவருக்கும் இதே பதில்தானே போயிருக்கும்.

ஏர்லைன்ஸிலும் கேட்டேன். ஜனவரியில் காட்டிய பிஎன்ஆர் வெறும் ஹோல்டாம். பணம் கட்டி டிக்கெட் அடிக்கவே இல்லை, கெடு முடிந்ததும் தானாகவே காலாவதியாகிவிட்டது. அதாவது பிப்ரவரியில் எங்களுக்கு ஃப்ளைட்டே கிடையாது, அந்த மாதம்தான் நான் அம்மாவுக்குத் தெர்மல் உடுப்பு வாங்கிக்கொண்டிருந்தேன்.

இனிமேல்தான் வேடிக்கை. ரீஃபண்ட் கேட்டேன். முதலில் ஓனர் பாலியில் இருக்கிறார், வந்ததும் பேசுவார். அப்புறம் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண் லீவில். அப்புறம் "மெயில் போடுங்க மேடம்". மெயில் போட்டால் "டிக்கெட் ரெய்ஸ் ஆகியிருக்கு" என்று தானியங்கிப் பதில். நேரில் போனால் அதே கண்ணாடிக் கதவு, உள்ளே வேறு யாரோ ஓர் அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார், எங்களைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தண்ணீர்கூடக் கேட்கவில்லை யாரும். கடைசியில் ஒரு ஸ்டேட்மென்ட் வந்தது:

ஃப்ளைட் கேன்சலேஷன் 1,60,000. ஹோட்டல் கேன்சலேஷன் 1,05,000. விசா உதவி மற்றும் சர்வீஸ் சார்ஜ் 58,000. டிசிஎஸ் 17,000. மொத்தம் 3,40,000. திருப்பித் தர வேண்டியது: பூஜ்யம்.

எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது பாருங்கள் கணக்கு! ஒரு ரூபாய்கூட மிச்சம் விழவில்லை. அடிக்காத டிக்கெட்டுக்குக் கேன்சலேஷன், காசு கட்டாத ஹோட்டலுக்குக் கேன்சலேஷன். டிசிஎஸ் கவர்ன்மென்டுக்குப் போய்விட்டது, அதை நீங்கள் வருமான வரியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று இலவச ஆலோசனை வேறு. நம் பெயரில் கட்டிய வரியெல்லாம் வரும் 26ஏஎஸ் என்ற வருமான வரிப் படிவத்தில் என்னுடையதை இறக்கிப் பார்த்தேன், அம்மாவுடையதையும் பார்த்தேன். ஜனவரியில் பிடித்த பணம், அந்தக் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய மே 15 கெடு, அதுவும் தாண்டிவிட்டது. 17,000 என்று ஒரு வரி கிடையாது. அரசாங்கத்தின் பெயரைச் சொல்லிப் பிடித்த பணத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார்கள்.

இதில் ஒரு சின்ன விஷயம், சின்னதுதான், ஆனால் எரிச்சல் தாங்கவில்லை. அவர்கள் கொடுத்த கலர் புக்லெட்டில் ஜூன் மாத டூருக்கு கோய்கென்ஹாஃப் டூலிப் தோட்டம் போட்டிருந்தது. அம்மாவுக்குப் பூ என்றால் உயிர், கோடை விழா மலர்க் கண்காட்சியை ஒரு வருஷம் விடமாட்டார். அந்தத் தோட்டம் மார்ச் பின்பாதியில் திறந்து மே நடுவில் மூடிவிடும். ஜூனில் போனால் கேட்டைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். போயிருந்தால்கூட ஏமாற்றியிருப்பார்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது எதுவும் ஓடவில்லை, நினைவில் வருவதை மட்டும் போடுகிறேன். பிஎன்ஆரை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள், 13 இலக்க இ-டிக்கெட் நம்பர் கேளுங்கள், அது இருந்தால்தான் பணம் கட்டி டிக்கெட் அடித்ததாக அர்த்தம். விசா ஃபைல் நகல் ஒரு நாள் முன்னாலேயே கைக்கு வரவில்லை என்றால் சென்னைக்கு ரயில் ஏறாதீர்கள். விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். காபிக்கு மயங்காதீர்கள்!

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை கட்டிய விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலேயே மனு போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அம்மா "போகட்டும் விடு கண்ணு, உடம்பு நல்லா இருந்தா போதும்" என்கிறார். நான் விடுவதாக இல்லை. 3,40,000.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். விசா மறுப்பு என்று சொல்லி அட்வான்ஸ் முழுவதையும் பிடித்துக்கொண்ட ஆபீஸ் உங்களுக்கும் வாய்த்திருந்தால், ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், அவர்கள் அனுப்பிய வாட்ஸப் மெசேஜ் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடுங்கள், மனு எழுதித் தர நான் இருக்கிறேன்.